35 ரூபாய் கார், 120 ரூபாய் பொம்மை: உங்க வீட்டுப் பணவீக்கம் எத்தனை சதவீதம்?

பணவீக்கம் பத்தி நம்ம சேனல்ல வீடியோ போட்டப்பல்லாம் கமெண்ட்ல ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "கணக்குப் போடும்போது எத்தனை சதவீதம்னு வச்சுக்கணும்?" நானும் ரொம்ப நாளா "6 சதவீதம் வச்சுக்கோங்க" என்றுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். என் பொண்ணோட படிப்புக்கு நான் போட்ட கணக்கும் அதே 6 சதவீதம்தான். அது தப்புக் கணக்கு என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு பொம்மை கார். அந்தக் கதையைக் கணக்கோட சொல்றேன். கையில் ஒரு பேனா, ஒரு கால்குலேட்டர் வச்சுக்கோங்க.

2025 மே மாதம், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள். மாசி வீதியில் ஒரு நடைபாதைக் கடையில் என் பொண்ணு ஒரு பிளாஸ்டிக் காரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பின்னால இழுத்து விட்டா முன்னால ஓடும், அந்த வகை. 80 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் எங்கப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன்டா, சித்திரைத் திருவிழாவுலதான்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். எழுந்து போய் பீரோவிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கப்பா ஒரு மில்லில் வேலை பார்த்தவர். தினமும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வரவு செலவு எழுதுவார். பல்லி மிட்டாய் வாங்கின எட்டணாவும் அதில் இருக்கும். 2001-ஆம் வருஷ நோட்டில் மூன்று வரிகளை நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சாவி கார், 35 ரூபாய்.
கொலு பொம்மை ஒன்று, 15 ரூபாய்.
பள்ளிக்கூடத்து ஃபீஸ், வருஷத்துக்கு 3,500 ரூபாய்.

இன்றைக்கு இதே மூன்றும் என் வீட்டில் என்ன விலை? கார் 80. விளாச்சேரியில் வாங்கின, ஏறக்குறைய அதே உயரமுள்ள மண்பொம்மை 120. பொண்ணோட எல்கேஜி ஃபீஸ் 42,000. முதல்லயே சொல்லிடறேன், இது ஒரே ஒரு வீட்டுக் கணக்கு. புள்ளிவிவரம் கிடையாது. ஆனா இந்த மூன்று வரியை வைத்தே பணவீக்கத்தை ஒழுங்காகப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் அளவுகோலைச் சரி பண்ணுவோம்

2001-ல் இருந்த 100 ரூபாய் இன்றைக்கு எத்தனை ரூபாய்க்குச் சமம்? நிறைய பேர் இதற்கு வருமான வரித்துறையின் காஸ்ட் இன்ஃப்ளேஷன் இண்டெக்ஸை எடுக்கிறார்கள். அதில் 2001-02 என்பது 100, 2025-26 என்பது 376. அப்படியென்றால் 3.76 மடங்கு. எளிதாகக் கிடைக்கும் எண்தான். ஆனா அதில் ஒரு விஷயம் இருக்கு. அது நகர்ப்புற விலைவாசி ஏற்றத்தில் 75 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் குறியீடு. வரிக் கணக்குக்காகச் செய்தது. குடும்பச் செலவை அதை வைத்து அளந்தால் குறைவாகத்தான் காட்டும்.

நமக்குப் பொருத்தமானது தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு. மத்திய அரசின் லேபர் பீரோ மாதாமாதம் வெளியிடுகிறது. அரசு ஊழியர்களின் அகவிலைப்படியை முடிவு செய்வதும் இதை வைத்துத்தான். நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த தொழில் நகரங்களில் விலை எடுப்பார்கள், அந்தப் பட்டியலில் நம்ம மதுரையும் இருக்கு. 2001-ஐ 100 என்று வைத்து ஒரு வரிசை ஓடியது. 2020-ல் அதை நிறுத்திவிட்டு 2016-ஐ 100 என்று வைத்துப் புது வரிசை தொடங்கினார்கள். புதிய எண்ணைப் பழைய எண்ணாக மாற்ற 2.88-ஆல் பெருக்க வேண்டும். 2025 நடுவில் அகில இந்தியக் குறியீடு 146-ஐ ஒட்டி இருந்தது. 146-ஐ 2.88-ஆல் பெருக்கினால் 420.

ஆக, 2001-ல் 100 ரூபாய்க்கு வாங்கினதை இன்றைக்கு வாங்க சராசரியாக 420 ரூபாய் வேணும். 4.2 மடங்கு. இதுதான் நம்ம அளவுகோல்.

இப்போ அப்பாவோட நோட்டுக்கு வருவோம். 35 ரூபாய் கார் விலைவாசியோடு சேர்ந்து ஏறியிருந்தால் இன்றைக்கு 147 ரூபாய் ஆகியிருக்கணும். நான் கொடுத்தது 80. அதாவது கார் பாதி விலைக்கு இறங்கியிருக்கு. 15 ரூபாய் மண்பொம்மை 63 ரூபாய் ஆகியிருக்கணும், ஆனா 120. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 3,500 ஃபீஸ் 14,700 ஆகியிருக்கணும். ஆனா 42,000. மூன்று மடங்குக்குப் பக்கம்.

இரண்டு பொம்மை, ஒரே ஊர், ஒரே 24 வருஷம். ஒன்று பணவீக்கத்துக்குக் கீழே போயிருக்கு, இன்னொன்று மேலே போயிருக்கு.

வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று பார்க்க 72 விதி போதும். ஒரு விலை இரட்டிப்பாக எத்தனை வருஷம் ஆச்சு என்று பாருங்க, 72-ஐ அதால் வகுங்க, வருவதுதான் சதவீதம். மண்பொம்மை 15, 30, 60, 120 என்று 24 வருஷத்தில் மூன்று தடவை இரட்டிப்பாகியிருக்கு. ஒரு தடவைக்கு 8 வருஷம். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9 சதவீதம். கார் ஒரு தடவை இரட்டிப்பாகி இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கு, இரட்டிப்பாக 20 வருஷம் என்று வைத்தால் 3.6 சதவீதம். ஃபீஸ் 12 மடங்கு. மூன்று தடவை இரட்டிப்பானால் 8 மடங்கு, நான்கு தடவை என்றால் 16 மடங்கு. நடுவில் 3.6 தடவை என்று வைத்தால் கிட்டத்தட்ட 11 சதவீதம். பொதுவான விலைவாசி 4.2 மடங்கு, அது 6 சதவீதத்துக்குச் சற்று மேல்.

நான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்த 6 சதவீதம் பொய் இல்லை. ஆனா என் வீட்டில் அந்த 6 சதவீதத்தில் ஏறின பொருள் எதுவும் இந்த மூன்று வரியில் இல்லை.

கார் எப்படி மலிவாச்சு?

இது மதுரையில் மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவில் 1959-ல் பார்பி பொம்மை முதன்முதலில் வந்தபோது விலை 3 டாலர். அங்கே விலைவாசி அதிலிருந்து சுமார் 11 மடங்கு ஏறியிருக்கு, கணக்குப்படி 33 டாலர் ஆகணும். சாதாரண பார்பி இன்றைக்கும் 10 டாலரை ஒட்டியே கிடைக்கிறது. அங்கே பொருளாதாரம் பேசுகிறவர்கள் அடிக்கடி காட்டும் ஒரு வரைபடம் உண்டு. 1990-களின் கடைசியிலிருந்து ஆஸ்பத்திரிச் செலவும் கல்லூரிக் கட்டணமும் மேலே மேலே போகும். டிவியும் பொம்மையும் கீழே கீழே போகும். பொம்மை விலை 70 சதவீத அளவுக்கு இறங்கியிருப்பதாக அரசின் விலைக் குறியீடே சொல்கிறது.

காரணம் அச்சு. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றி எடுக்கிற மெஷின் ஒன்று வாங்கிவிட்டால், முதல் காருக்கும் லட்சமாவது காருக்கும் ஆள் கூலி ஏறுவதில்லை. அச்சு செய்யத்தான் செலவு. அந்தச் செலவு லட்சம் காருக்குப் பிரிந்துவிடும். சீனாவில் ஷாந்தோ நகரத்தின் செங்ஹாய் பகுதி முழுக்க இதே தொழில்தான். மோட்டார் ஒரு தெருவில், சக்கரம் அடுத்த தெருவில், அட்டைப்பெட்டி அதுக்கடுத்த தெருவில் என்று கிடைக்கும் ஊர்.

அந்தப் பொருள் நம்ம மாசி வீதிக்கு வர இங்கேயும் கதவு திறக்க வேண்டியிருந்தது. பொம்மை செய்வது ரொம்ப காலம் சிறுதொழிலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட தொழிலாக இருந்தது. பெரிய கம்பெனி உள்ளே வர முடியாது. 2001 ஜூனில் அந்த ஒதுக்கீட்டை எடுத்தார்கள். அதே 2001 ஏப்ரலோடு நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் போய்விட்டன. டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. எங்கப்பா நோட்டில் அந்த 35 ரூபாய் எழுதின வருஷமும் அதுதான் என்பது தற்செயல், ஆனா நல்ல தற்செயல். அது பழைய உலகத்தின் கடைசி விலைகளில் ஒன்று.

இந்த மலிவு இயற்கை விதி ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லணும். 2009 ஜனவரியில் சீனப் பொம்மைகளுக்கு இந்தியா தடை போட்டது, மார்ச்சில் பாதுகாப்புச் சான்று இருந்தால் போதும் என்று தளர்த்தியது. 2020 பட்ஜெட்டில் பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது. நூறு ரூபாய்க்கு வந்து இறங்கும் ஒரு பொம்மையை எடுத்துக்கோங்க. மற்ற வரி, கடைக்காரர் லாபம் எல்லாத்தையும் விட்டுவிட்டால் 2019-ல் 120 ரூபாய், 2023-ல் 170 ரூபாய். பெரிய ஷோரூம்களில் நல்ல பிராண்டு பொம்மை ஏன் திடீர்னு கையைச் சுடுது என்று நீங்க யோசித்திருந்தால், ஒரு பெரிய காரணம் இது. 2014-15-ல் 33 கோடி டாலர் அளவுக்கு இருந்த பொம்மை இறக்குமதி 2022-23-ல் 16 கோடி டாலருக்கும் கீழே வந்தது. அந்த இடத்தை உள்ளூர் பிளாஸ்டிக் கம்பெனிகள் நிரப்பின. அதனால்தான் நடைபாதைக் கடையில் கார் இன்னும் 80 ரூபாய்க்கே இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் எலக்ட்ரானிக் அல்லாத பொம்மைகளுக்கு ஜிஎஸ்டியும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கு. பேட்டரி போட்டு கத்துகிற வகைக்கு அதே 18 சதவீதம்தான். அந்த ஒரு விஷயத்தில் ஜிஎஸ்டி கவுன்சிலுக்கும் வீட்டில் நிம்மதி வேண்டும் என்கிற பெற்றோருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லணும். 2001 சாவி கார் தகரம். இரண்டு வருஷம் ஓடியது, அப்புறம் என் தங்கச்சிக்குப் போனது. 2025 கார் பதினோராவது நாள் சக்கரம் கழன்றது. விலைக் குறியீடு செய்கிறவர்கள் "அதே பொருள், அதே தரம்" என்று ஒப்பிடப் படாதபாடு படுவது இதனால்தான். விளையாடின நாளுக்கு எவ்வளவு ஆச்சு என்று பார்த்தால் கார் அவ்வளவு மலிவு இல்லை.

மண்பொம்மை ஏன் ஏறிச்சு?

செப்டம்பரில், நவராத்திரிக்கு முன்னால, விளாச்சேரி போனேன். திருப்பரங்குன்றம் பக்கம். தெருவில் நுழைந்தாலே திண்ணை திண்ணையாக தசாவதாரம் காய்ந்துகொண்டிருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு செட், அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் செட்டு என்று வருஷம் முழுக்க மாறி மாறி வேலை நடக்கும் ஊர்.

ஒரு வீட்டில் செட்டியார் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "மண்ணு விலை அவ்வளவு ஏறிப்போச்சாக்கா?"

"மண்ணு கிடக்குது தம்பி. இந்தக் கண்ணு எழுத எங்கம்மாவுக்கு எவ்வளவு நேரமாச்சோ எனக்கும் அவ்வளவு நேரந்தான் ஆகுது. அன்னைக்கிக் கூலியும் இன்னைக்கிக் கூலியும் ஒண்ணா?"

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெரிய பெயரே இருக்கு. 1960-களில் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் நாடகம், இசைக் கச்சேரிகளின் செலவை ஆராய்ந்தார்கள். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாலும் நான்கு பேர்தான், இன்றைக்கும் நான்கு பேர்தான், நேரமும் அதேதான். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வாசிக்கிறவரை "மெஷின் வந்துருச்சே, ஒரு மணி நேரக் கச்சேரியைப் பத்து நிமிஷத்தில் முடிங்க" என்று சொல்ல முடியாது. ஆனா பேக்டரியில் கூலி ஏறும்போது அவருக்கும் கூலி ஏற்றித்தான் கொடுக்கணும், இல்லாவிட்டால் அவர் பிள்ளை அந்தத் தொழிலுக்கே வராது. அதனால் மெஷின் செய்கிற பொருள் மலிவாகிக்கொண்டே போகும், மனுஷ நேரம் தேவைப்படுவது ஏறிக்கொண்டே போகும்.

கார் முதல் வகை, மண்பொம்மை இரண்டாவது வகை. இப்போ யோசிங்க, பள்ளிக்கூடம் எந்த வகை? ஒரு டீச்சர், முப்பது பிள்ளைகள். 2001-லும் அதேதான். ஆஸ்பத்திரி நர்ஸ், பல் டாக்டர், வயசான அம்மா அப்பாவைப் பார்த்துக்க ஒரு ஆள், வீட்டு எலக்ட்ரீஷியன், எல்லாமே விளாச்சேரி வகைதான். நாளைக்கு உங்களுக்கு வரப்போகிற பெரிய செலவுகளைப் பட்டியல் போட்டால், செங்ஹாய் வகையில் டிவியும் மொபைலும் பொம்மையும் இருக்கும். பாக்கி பெரும்பாலும் விளாச்சேரி வகை.

ஃபீஸ் விஷயத்தில் ஒரு குறிப்பு. என் பள்ளிக்கூடமும் என் பொண்ணோட பள்ளிக்கூடமும் ஒன்று இல்லை. ஏசி வகுப்பு, வேன், நீச்சல் குளம் என்று நானே தேர்ந்தெடுத்ததும் அந்த 42,000-க்குள்ள இருக்கு. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 முதல் சட்டமும் குழுவும் இருக்கு. அரசுப் பள்ளியில் சேர்த்தால் இந்த வரியே உங்க நோட்டில் இருக்காது. அதனால் 11 சதவீதத்தை அப்படியே எல்லாரும் எடுத்துக்க வேண்டாம். நான் இப்போ கணக்குப் போடுவது 10 சதவீதத்துக்கு.

செய்தியில் வரும் பணவீக்கம் யாருடையது?

டிவியில் "சில்லறைப் பணவீக்கம் இத்தனை சதவீதம்" என்று சொல்வது ஒரு பெரிய கூடையின் சராசரி. 2012-ஐ அடிப்படையாக வைத்த வரிசையில் அந்தக் கூடையில் உணவுக்கு மட்டும் 45.86 சதவீத எடை. கல்விக்கு 4.46. மருத்துவத்துக்கு 5.89. பொழுதுபோக்குக்கு, அதில்தான் பொம்மையும் வரும், 1.68. தக்காளி விலை இறங்கினால் மொத்தப் பணவீக்கமும் இறங்கிவிடும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் ஃபீஸைக் குறைத்திருக்காது.

உங்க சம்பளத்தில் கல்விக்கு 4.46 சதவீதமா போகுது? என் வீட்டில் 52,000 சம்பளத்தில் எல்கேஜி ஃபீஸ் மட்டும் மாசத்துக்கு 3,500 கணக்கு. அதுவே 6.7 சதவீதம், வேன் ஃபீஸ் சேர்க்காமல். கல்யாணம் ஆகாமல் பெங்களூரில் பிஜியில் இருக்கும் தம்பிக்குக் கூடையே வேற. அவனுக்கு வாடகைதான் எல்லாம்.

விலை இறங்கியும் செலவு ஏன் ஏறிச்சு?

இதுவரைக்கும் சொன்னதை வீடியோவிலேயே சொல்லிட்டேன். வீடியோவில் சொல்லாதது இது. சொல்ல வெட்கமா இருந்தது.

அப்பாவோட 2001 நோட்டு முழுக்கத் தேடினேன். அந்த வருஷம் பொம்மைக்கு என்று எழுதியது கார் 35, தெப்பத் திருவிழாவில் ஒரு ஊதல் 12. மொத்தம் 47 ரூபாய். (கொலு பொம்மை அம்மா கணக்கு, அதை சாமி செலவில் எழுதியிருக்கார்.) அப்போ அவர் சம்பளம் 4,800.

அப்புறம் என் மொபைலை எடுத்து ஆர்டர் ஹிஸ்டரியைக் கூட்டினேன். ஆன்லைன் கடை, பத்து நிமிஷத்தில் கொண்டுவரும் ஆப், பில்லிங் கவுண்டர் பக்கத்தில் தொங்குவது, எல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கு 14,400 ரூபாய். மாசம் 1,200.

ஒரு காரின் விலை 2.3 மடங்குதான் ஏறியிருக்கு. பொம்மைச் செலவு 300 மடங்கு ஏறியிருக்கு. சம்பளம் கிட்டத்தட்ட 11 மடங்கு.

இதில் எந்த ஒரு பொம்மையும் விலை அதிகம் இல்லை. எல்லாமே 99, 149, 199. ஒவ்வொன்றும் மலிவு என்பதால் ஒவ்வொரு தடவையும் யோசிக்கவே இல்லை. 42,000 ஃபீஸ் கட்டும்போது ஒரு வாரம் முன்னாடியே வீட்டில் பேச்சு நடக்கும். 149 ரூபாய்க்கு யார் பேசுவாங்க? குழந்தை இல்லாதவங்க சிரிக்க வேண்டாம். இதே கணக்கை இயர்போன், டி-ஷர்ட், மொபைல் கவர் என்று போட்டுப் பாருங்க. அதெல்லாமும் செங்ஹாய் வகைதான்.

என் கணக்கு எங்கே தப்பாச்சு?

பொண்ணுக்கு இப்போ நாலு வயசு. காலேஜுக்கு 14 வருஷம் இருக்கு. இன்றைக்கு வருஷம் 1 லட்சம் ஃபீஸ் உள்ள நாலு வருஷப் படிப்பு என்று வச்சுக்கோங்க.

6 சதவீதப் பணவீக்கம் என்று போட்டால் 14 வருஷம் கழித்து முதல் வருஷ ஃபீஸ் 2.26 லட்சம். 10 சதவீதம் என்று போட்டால் 3.80 லட்சம். மாசம் 1,000 ரூபாய் எஸ்ஐபி 14 வருஷத்துக்கு, வருஷம் 10 சதவீத வருமானம் என்று வைத்தால் 3.64 லட்சம் சேரும். 10 சதவீதம் யாரும் கொடுக்கிற உத்தரவாதம் இல்லை, ஈக்விட்டி ஃபண்டுக்கு ஒரு அனுமானம்தான். வரியும் தனி.

நாலு வருஷ ஃபீஸையும் சமாளிக்க, 6 சதவீதக் கணக்கில் மாசம் 2,350 ரூபாய் போட்டால் போதும். நான் அதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன், பெருமையா வீடியோவிலும் காட்டினேன். ஃபீஸ் 10 சதவீதத்தில் ஏறினால் தேவை மாசம் 4,170. எண்களை ஒரு தடவை நீங்களே ஆன்லைன் எஸ்ஐபி கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க. என் திட்டப்படி போயிருந்தால் இரண்டாவது வருஷம் முடிந்து மூன்றாவது வருஷ ஃபீஸுக்குக் கொஞ்ச தூரத்தில் பணம் தீர்ந்திருக்கும். அப்போ எனக்கு ஐம்பது வயசை நெருங்கியிருக்கும், கையில் எஜுகேஷன் லோன் பேப்பர் இருந்திருக்கும்.

இடைவெளி மாசம் 1,820 ரூபாய். பொம்மைச் செலவு 1,200. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பொம்மையே வாங்காதீங்க என்று நான் சொல்ல மாட்டேன், என் வீட்டில் அது நடக்கவும் நடக்காது. மாசம் 400 என்று ஒரு எல்லை வைத்தோம். மிச்சம் 800-ஐ எஸ்ஐபியில் ஏற்றினேன். 3,150 ஆச்சு. பாக்கி ஆயிரத்துச் சொச்சம் ஏப்ரல் இன்கிரிமென்டில் இருந்து. பெண் குழந்தைக்குப் பத்து வயசுக்குள்ள என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டமும் இருக்கு. 2024 ஜனவரி முதல் 8.2 சதவீதம், காலாண்டுக்கு ஒரு தடவை அரசு மாற்றலாம். 18 வயசில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். பாதுகாப்பானது, வரியும் இல்லை. ஆனா 10 சதவீதத்தில் ஏறும் ஃபீஸை 8.2 துரத்திப் பிடிக்காது என்பதால் நான் அதை முழுசா நம்பாமல் ஒரு பகுதிக்கு மட்டும் வச்சிருக்கேன்.

உங்க கணக்குக்கு மூன்று எண் போதும். உங்க வீட்டில் பழைய பில்லோ, அம்மா ஞாபகமோ, எது கிடைத்தாலும் ஒரு செலவுக்குப் பழைய விலை, புது விலை, நடுவில் எத்தனை வருஷம். 72 விதியைப் போடுங்க. பெரிய செலவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா ஒரு சதவீதம் வரும். அதைக் கமெண்ட்ல போடுங்க, மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்து எண்கள் நிறைய வந்தால் அடுத்த வீடியோவில் சேர்த்துக் காட்டுறேன்.

விளாச்சேரியில் இருந்து அன்றைக்கு வாங்கி வந்த செட்டியார் பொம்மையைக் கொலுவில் வைத்தோம். கொலு முடிந்தும் என் பொண்ணு அதைப் பெட்டிக்குள் வைக்க விடவில்லை, சக்கரம் போன காரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு இருக்கிறாள். அப்பா நோட்டில் அன்றைய தேதியில் "பேத்திக்கு பொம்மை 1, ரூ. 120" என்று எழுதியிருக்கிறார். அதுக்குக் கீழே, "பையன் எஸ்ஐபி ஏத்தினான், 800".